பின்மூடியைத் திறக்குமுன்

போன மாதம் என் போன் சார்ஜ் ஏறாமல் அடம் பிடித்தது. வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் ஏறும். கையை எடுத்தால் நின்றுவிடும். தலையணையை முட்டுக்கொடுத்து இரண்டு ராத்திரி ஓட்டினேன். "பின் போயிருக்கும்ப்பா, புதுசு வாங்கிடு" என்றான் மகன். அவனுக்குப் பின் போனாலும் பேட்டரி போனாலும் மருந்து ஒன்றுதான். தெருமுனைக் கடையில், போனைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே, "சார்ஜிங் போர்டு மாத்தணும் சார், எழுநூறு ஆகும்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து போனை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சை அந்தத் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்து கிடந்தது. பல்குத்தும் குச்சியை பிளேடால் சீவி இன்னும் மெல்லிசாக்கி, ஓரமாக விட்டு நெம்பினேன். கம்பு மணி அளவில் மூன்று பஞ்சு உருண்டைகள் வந்து விழுந்தன. இரண்டு வருஷச் சட்டைப்பை நூல். வயரைச் செருகினால் டக்கென்று உட்கார்ந்தது.

யூஎஸ்பி சி துளை ஏறக்குறைய 8 மி.மீ. அகலம், இரண்டரை மி.மீ. உயரம். நடுவே மெல்லிய நாக்கு ஒன்று. அதன் மேலே 12, கீழே 12 என்று 24 தொடுமுனைகள். வயரைச் செருகும் ஒவ்வொரு முறையும் அதன் முனை உள்ளே கிடக்கும் தூசியை இடித்து இடித்துத் திண்ணை மெழுகியதுபோல் கெட்டியாக்கிவிடுகிறது. அந்தத் திண்ணை அரை மி.மீ. உயர்ந்தால் போதும், முனையோடு முனை சேராது. சிலர் சேஃப்டி பின்னை விட்டு நோண்டுவார்கள். கூடாது, இரும்பு முனை தொடுமுனையின் பூச்சைச் சுரண்டும், பக்கத்துப் பக்கத்து முனைகளை இணைத்து ஷார்ட்டும் ஆக்கும். மரக்குச்சிக்கு இந்த இரண்டு தோஷமும் இல்லை.

இப்படி ஒரு வெற்றி கிடைத்துவிட்டால் அப்புறம் கை சும்மா இருக்காது என்பதுதான் சிக்கல். என் கை முன்பே ஒருமுறை சும்மா இருக்கவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் வைத்திருந்த போனில் பேட்டரி நிற்கவில்லை. இணையத்தில் ஒரு பேட்டரி வாங்கினேன். கூடவே குட்டி ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்று இலவசமாக வந்தது. அதுதான் கெடுத்தது. மனைவியின் முடி உலர்த்தியால் பின்மூடியைச் சுடவைத்து, காலாவதியான ஏடிஎம் அட்டையை ஓரத்தில் சொருகி, வாழைத்தண்டில் நார் உரிப்பதுபோல மெல்ல மெல்ல நகர்த்தினேன். மூடி பிரிந்தது. சந்தோஷத்தில் தூக்கினேன். மூடியின் உட்பக்கத்தில் கைரேகை உணரி இருந்ததையும், அதிலிருந்து காகிதம்போன்ற ஒரு ஸ்ட்ரிப் போர்டுக்குப் போனதையும், அது பாதியில் கிழிந்து தொங்கும்போதுதான் பார்த்தேன்.

இன்றைய போனில் திறப்பதே ஒரு சேதம். உள்ளே இருக்கும் பழுது அந்தச் சேதத்தைவிடப் பெரிதா என்று கணக்குப் பார்த்த பிறகுதான் கை வைக்கவேண்டும். பலர் போடும் கணக்கு வேறு: கடைக்கூலி எவ்வளவு, நமக்குத் துணிச்சல் எவ்வளவு. இரண்டுமே அப்புறம் வரவேண்டியவை.

ஒருகாலத்தில் இந்தக் கணக்கே தேவைப்படவில்லை. 2003-இல் வந்த நோக்கியா 1100-ஐ நகத்தால் நெம்பினால் பின்மூடி கழன்று கையில் வரும். உள்ளே இருந்த பிஎல்-5சி பேட்டரி டீக்கடை எஃப்எம் ரேடியோவரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2007-இல் அந்த வகை பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சூடேறக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. அத்தனை பெரிய தொகை; ஆனாலும் போன் அவரவர் கையிலேயே இருந்தது, பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது அந்த வழி இல்லை. பேட்டரி பசையோடு உள்ளே ஒட்டியிருந்தது. முதலில் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டார்கள்.

பசை ஏன் வந்தது? போனை ஒல்லியாக்க, திருகாணிக்கும் கொக்கிக்கும் இடம் மிச்சமாக்க, தண்ணீர் புகாமல் அடைக்க. ஐபி 68 என்று பெட்டியில் போட்டிருப்பதில் 6 தூசியைக் குறிக்கும், 8 தண்ணீரை. அந்த எட்டைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு ஓரத்தில் ஓடும் ஒட்டு வளையத்துக்கு. ஒருமுறை பிரித்தால் அது செத்தது. புது ஒட்டு வெட்டி ஒட்டினாலும், தொழிற்சாலையில் அழுத்தி, கசிவு பார்த்து அனுப்பிய அடைப்பு திரும்ப வரும் என்று நம்பக்கூடாது. பிரித்த போனை மழையில் எடுக்காதீர்கள்.

உள்ளே போனால் அடுத்த பொறி திருகாணி. பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். நீளத்தில் சில அரை மி.மீ.கூட வித்தியாசப்படாது. குட்டைத் திருகாணியின் துளையில் நெட்டையைப் போட்டு முடுக்கினால் அது அடியில் உள்ள போர்டின் அடுக்குகளைக் குத்திக் கிழிக்கும். ஒரு நுனி இறுக்கத்தில் போன் பிணமாகும். நமக்குக் காரணமே தெரியாது. இதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு: வெள்ளைத்தாளில் போனின் படத்தைப் போட்டு, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே செலோடேப்பால் ஒட்டிவிடுவது. மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பேட்டரியிடம்தான் உண்மையான பயம் வேண்டும். 5000 மில்லி ஆம்பியர்-மணி, 3.85 வோல்ட் என்று எழுதியிருந்தால், முழுச் சார்ஜில் உள்ளே ஏறக்குறைய 69,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அது பல மணி நேரம் நிதானமாக வெளிவந்தால் நாம் பார்க்கும் சினிமா; சில நொடிகளில் வெளிவந்தால் தீ. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது பிரிதிரை என்ற பிளாஸ்டிக் படலம். பத்து இருபது மைக்ரான்தான் கனம். தலைமுடியில் நாலில் ஒரு பங்கு. ஒரு பக்கம் கோபால்ட் ஆக்சைடு பூசிய அலுமினியத் தாள், மறுபக்கம் கிராஃபைட் பூசிய செம்புத் தாள், நடுவே இந்தப் படலம். மூன்றையும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் ஊறவைத்து, பிஸ்கட் பாக்கெட் போன்ற அலுமினியப் பையில் அடைத்தால் அதுதான் பேட்டரி.

நோட் 7 விசாரணையின் முடிவை 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் பேட்டரியில் மேல் மூலை ஒன்றில் எதிர்முனைத் தாள் மடங்கியிருந்தது. இன்னொன்றில் பற்றவைத்த இடத்துப் பிசிறு படலத்தைக் குத்தியிருந்தது. தொழிற்சாலையிலேயே ஒரு மூலை மடிப்பு இந்த ஆட்டம் ஆடியது என்றால், பசையோடு ஒட்டிய பேட்டரியின் அடியில் நாம் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பும்போது என்ன நடக்கும் என்று யோசிக்கலாம். படலம் கிழிந்து இரண்டு தாளும் தொட்டுக்கொண்டால் அந்த இடம் சூடேறும். 130 டிகிரியை ஒட்டிப் படலமே உருகும். தொடும் பரப்பு பெருகும். 200 தாண்டினால் கோபால்ட் ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனையே வெளிவிடும். தன் தீக்குத் தானே காற்றும் ஊட்டிக்கொள்வதால் போர்வை போட்டு மூடினாலும் அடங்குவதில்லை.

ஆகவே என் விதி: இழுத்தால் கழன்று வரும்படி ஒட்டுநாடா வைத்த பேட்டரி என்றால், சார்ஜை கால்வாசிக்குக் கீழே இறக்கிவிட்டு, பொறுமையாக முயலலாம். ஒட்டுநாடா அறுந்துவிட்டால் அங்கேயே நிறுத்தவேண்டும். உப்பிய பேட்டரியைத் தொடவே கூடாது. உப்பியதை எப்படித் தெரிந்துகொள்வது? மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்து ஓரத்தை அழுத்துங்கள். முன்பு அசையாமல் கிடந்த போன் இப்போது குழவிமேல் வைத்ததுபோல ஆடினால், அல்லது டிஸ்ப்ளே ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால், உள்ளே கரைப்பான் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. சார்ஜில் போடாமல் அணைத்துக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் காணொளிகளை நானும் பார்த்திருக்கிறேன்; எடுத்தவர்கள் நலமாக இருக்கட்டும்.

ஆனால் பேட்டரி பழசாவது பல சமயம் போனே பழசாவதுபோல வேஷம் போடும். முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே இருக்கும். கேமராவைத் திறந்தால் பட்டென்று அணையும். 'மதர்போர்டு போச்சு' என்று கடையில் சொன்னால் நம்பிவிடுவோம். நடப்பது எளிய ஓம் விதி. வயதான பேட்டரிக்குள் மின்தடை கூடிவிடுகிறது. கால் ஓம் என்று வைத்துக்கொள்வோம். கேமரா திறக்கும் கணத்தில் போன் 3 ஆம்பியர் கேட்டால், முக்கால் வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைகிறது. 3.75 வோல்ட் இருந்தது 3 ஆகிறது. அந்த வோல்ட்டில் ஓட முடியாமல் போன் அணைந்துகொள்கிறது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களை இந்தக் காரணத்துக்காகவே மென்பொருளால் மெதுவாக்கியதை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்த எத்தனையோ பேருக்குத் தேவைப்பட்டது ஒரு பேட்டரிதான்.

டிஸ்ப்ளேயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேலே கண்ணாடி, அடியில் தொடுபடலம், அதற்கடியில் படம் காட்டும் தகடு. காற்றுக்குமிழ்கூட இல்லாமல் ஒளிபுகும் பசையால் மூன்றும் ஒன்றாக ஒட்டியவை. அதனால்தான் கடையில் 'காம்போ' என்கிறார்கள். கண்ணாடியை மட்டும் மாற்றுவதற்குச் சூட்டு மேடை, மெல்லிய கம்பி, வெற்றிட அழுத்தி என்று தனிப் பட்டறையே வேண்டும், வீட்டில் நடக்காது. விரிசல் மட்டும் விழுந்து, தொட்டால் வேலை செய்கிறது என்றால் மேலே ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டு ஓட்டலாம். ஓஎல்இடி திரையில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புத் திட்டு தோன்றிப் பரவினால் மட்டும் காத்திருப்பதில் பயனில்லை. ஒளிரும் கரிமப் பொருளுக்குள் காற்றும் ஈரமும் புகுந்துவிட்டன. மாற்றும்போது விலை மலிவாகச் சொன்னால், வைப்பது ஓஎல்இடிதானா அல்லது எல்சிடியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் விழுந்த போன்தான் நம் வீடுகளில் அதிகம் தப்பாகக் கையாளப்படுவது. அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டு மூன்று நாள் சாமி கும்பிடுவோம். அரிசி, போனுக்குள்ளிருந்து தண்ணீரை உறிஞ்சி இழுப்பதில்லை. போர்டிலுள்ள ஐசிகளின்மேல் தகரக் கவசம் இருக்கும். அதன் இடுக்கில் புகுந்த ஈரத்தை அந்த இடுக்கே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அரிசி மாவும் துகளும் துளைக்குள் போவதுதான் மிச்சம். 2024-இல் ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் அரிசி வேண்டாம் என்று எழுதியது.

தண்ணீர் தானாகக் கொல்வதில்லை. அதில் கரைந்த உப்பும் பேட்டரியின் வோல்ட்டும் கைகோக்கும்போதுதான் கொலை. பள்ளிக்கூடத்தில் உப்புத் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு மின்பகுப்பு செய்தோமே, அதுவே இங்கே ஒரு மி.மீ. இடைவெளிக்குள் நடக்கிறது. நேர்மின் பக்கத்துச் செம்பு கரைந்து எதிர்ப்பக்கம் போய்ப் படிகிறது; ஒரு பாதை அறுகிறது, இன்னோர் இடத்தில் வேண்டாத பாலம் முளைக்கிறது. திறந்து பார்த்தால் பச்சைப் பாசி பிடித்ததுபோல இருப்பது இதுதான். வாளியில் விழுந்தது சென்னை போர் தண்ணீர் என்றால் உப்புக்குப் பஞ்சமில்லை. மெரினாவில் விழுந்திருந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும்; அடுத்த மழைக்கால ஈரப்பதத்தில் மறுபடி வேலையைத் தொடங்கும். மூன்று மாதம் கழித்து 'திடீரென்று' போன் போவதன் ரகசியம் இது.

ஆக, நாம் முதலில் செய்யவேண்டியது: உடனே அணைப்பது. ஆன் ஆகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஆசையை அடக்குவது. சிம் தட்டைக் கழற்றுங்கள். பல மாடல்களில் அந்தத் துளைக்குள் ஒரு வெள்ளை ஒட்டு தெரியும், அது சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே போனது உறுதி. அதே நாளில் போர்டைக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தேய்த்துக் கழுவும் ஆளிடம் கொடுத்துவிடவேண்டும். இதில் வீட்டு வைத்தியம் இல்லை.

போனைவிட உள்ளே இருப்பது பெரிது என்றால் கணக்கே மாறிவிடுகிறது. போன் போனால் போகட்டும், சேமிப்பு ஐசியை மட்டும் எடுத்து வேறொன்றில் பொருத்திப் படங்களை மீட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய போன்களில் முடியாது. படங்கள் பூட்டிய எழுத்தாகத்தான் அந்த ஐசியில் இருக்கின்றன. சாவியின் ஒரு பாதி உங்கள் கடவுக்குறியீடு, மறுபாதி அதே போர்டிலுள்ள பிராசசருக்குள் பதிந்தது, வெளியே எடுக்க முடியாதது. ஆகவே செத்த அதே போர்டுக்கு உயிர் கொடுத்தால்தான் படம் வரும். வேறெங்கும் காப்பி இல்லாத போனை நான் திறக்கமாட்டேன். உங்களையும் திறக்க விடமாட்டேன்.

அக்கா ஒரு நாள் அப்படி ஒரு போனோடு வந்தாள். "தம்பி, நீதான் இதெல்லாம் பண்ணுவியே" என்றாள். பேரனின் முதல் வருஷம் முழுக்க அதற்குள். ஆன் ஆகவில்லை, சார்ஜ் ஏறவில்லை, தொட்டால் ஒரு மூலை மட்டும் சுட்டது. சுடுகிறது என்றால் மின்சாரம் எங்கோ ஓடுகிறது, அதாவது ஷார்ட். அதுவரைக்கும்தான் என் படிப்பு. சென்னை ரிச்சி தெருவுக்குக் கூட்டிப் போனேன்.

மவுண்ட் ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் நாலடி அகலக் கடை. மெக்கானிக்குக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மூன்று நிமிஷத்தில் போர்டை வெளியே எடுத்து மைக்ரோஸ்கோப் அடியில் வைத்தார். சால்டரிங் இரும்பின் நுனியில் ரோசினை உருக்கி, அந்தப் புகையைப் போர்டின்மேல் படியவிட்டார். போர்டு முழுக்கத் திருநீறு பூசியதுபோல வெளுத்தது. பிறகு பவர் சப்ளையிலிருந்து ஒரு வோல்ட்தான், ஷார்ட்டான தடத்தில் கொடுத்தார். "இப்ப பாருங்க சார்" என்று மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பரப்பின் நடுவே ஒரே ஒரு புள்ளியில் திருநீறு உருகி, தெளிவாகி, பழுப்பாக ஒரு பொருள் பளபளத்தது. எள்ளைவிடச் சிறிய கெபாசிட்டர். ஷார்ட்டான இடத்தில்தான் மின்சாரம் அத்தனையும் பாய்ந்து சூடாகும். சூடான இடத்தில்தான் ரோசின் உருகும். குற்றவாளியே கை தூக்கியது மாதிரி.

இடுக்கியால் அதைக் கிள்ளி எறிந்தார். புதுசு வைக்கவில்லை. "வேண்டாமா?" என்றேன். "இதே லைன்ல பக்கத்துல இன்னும் ஆறு இருக்கு சார், ஒண்ணு இல்லேன்னா தெரியாது." சரிதான், பக்க இணைப்பாக நின்று வோல்ட் ஏற்ற இறக்கத்தைத் தாங்குபவை அவை, ஓர் ஆள் குறைந்தால் மற்றவை சமாளிக்கும். போன் எழுந்தது. அக்கா அங்கேயே நின்று பேரனின் படங்களை எண்ண ஆரம்பித்தாள்.

இந்த மாதிரி ஆட்கள் இருக்கும் ஊரில், எல்லாவற்றையும் நாமே செய்யவேண்டும் என்ற வீம்புக்கு இடமில்லை என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் 2022-இல் ஆப்பிள், சொந்தமாகப் பழுதுபார்க்க விரும்புகிறவர்களுக்குக் கருவிகளை வாடகைக்கு விட்டபோது, இரண்டு பெட்டிகளில் வந்து இறங்கியவை ஏறக்குறைய 36 கிலோ. கால் கிலோகூட இல்லாத போனுக்கு! அதற்குமேல் பாகங்களுக்குப் பூட்டு வேறு: ஐபோன் 13-இல் வெளியில் வாங்கிய திரையைப் போட்டால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோனது; எதிர்ப்பு கிளம்பிய பிறகு மென்பொருளில் சரிசெய்தார்கள். இப்படிப் பாகத்தையும் போனையும் வரிசை எண்ணால் பிணைப்பதை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்று ஏழு வருஷம்வரை முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கவேண்டும், பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் எண்பது சதவீதம் தாங்கவேண்டும். நம் நாட்டில் நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. சட்டம் வரும்வரை ரிச்சி தெருவின் வண்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கிளம்புகிற சமயத்தில், பையில் கொண்டுபோயிருந்த என் பழைய போனையும் எடுத்து நீட்டினேன். கைரேகை ஸ்ட்ரிப் கிழிந்த அதே போன். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தவர், ஓரத்தில் ஏடிஎம் அட்டை போட்ட கோடுகளையும், இடம் மாறி உட்கார்ந்திருந்த இரண்டு திருகாணிகளையும், செலோடேப் ஒட்டிய ஸ்ட்ரிப்பையும் ஒரு நிமிஷம் அமைதியாகப் பார்த்தார்.

"யார் சார் இதைத் திறந்தது?"

"எங்க தெருமுனைக் கடையில" என்றேன்.